சென்னையின் எஃப்.சி. அணியைப் புதிதாகக் கட்டுகிறதா, வெறுமனே ஆள் மாற்றுகிறதா? சேலத்து ரசிகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலம் மாவட்டம் என்றால் வெளியூர்க்காரர்களுக்குச் சின்னப்பம்பட்டி நடராஜனின் யார்க்கரும் மாரியப்பன் தங்கவேலுவின் உயரம் தாண்டுதலும்தான் நினைவுக்கு வரும். ஆனால் காந்தி ஸ்டேடியத்தில் விடிகாலையில் பந்து உதைக்கிறவர்களிடமும், ஏற்காட்டுப் பள்ளி மைதானங்களில் பனிமூட்டத்துக்குள் ஆடிப் பழகியவர்களிடமும் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு சீசன் முடிவிலும் ஒரே கேள்விதான்: நம் கால்பந்து அணியான சென்னையின் எஃப்.சி. உண்மையிலேயே மாறுகிறதா, இல்லை பெயர்ப் பலகையை மட்டும் மாற்றுகிறார்களா? திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். பதில்களில் என் கருத்தும் கலந்திருக்கும்.

"அணியைப் புதிதாகக் கட்டுகிறோம்" என்று ஒரு கிளப் சொன்னால் அதற்கு என்ன அர்த்தம்?

பெரும்பாலும் "இந்த ஆண்டு கோப்பையைக் கேட்காதீர்கள்" என்று அர்த்தம். அதை அப்படியே சொன்னால் சீசன் டிக்கெட் விற்காது. அதனால் கௌரவமாக வேறு விதத்தில் சொல்கிறார்கள்.

உண்மையான மறுகட்டுமானம் என்பது வேறு. வயது முதிர்ந்த, சம்பளம் அதிகமான, ஆனால் இன்னும் ஓரளவு ஆடக்கூடிய வீரர்களை விட்டுவிட்டு, மூன்று ஆண்டு கழித்து உச்சத்தைத் தொடக்கூடியவர்களை இப்போதே களத்தில் இறக்குவது. நடுவில் வரும் தோல்விகளுக்குத் தயாராக இருப்பது. ஏற்காட்டில் காபித் தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். கிழடு தட்டிய செடியை அடித்தண்டு வரை கவாத்து செய்துவிட்டால் அடுத்த ஓரிரு பருவம் அதில் காய் இருக்காது. வெட்ட மனம் வராமல் உரத்தை மட்டும் கொட்டிக்கொண்டிருந்தால் இலை பச்சையாகத்தான் இருக்கும். மூட்டையில்தான் எடை குறையும். நம் ஊர்க் கால்பந்தில் உரம் என்பது ஓராண்டு ஒப்பந்தத்தில் வரும் வெளிநாட்டு முன்கள வீரர்.

சரி அண்ணா, சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். சென்னையின் எஃப்.சி. கட்டுகிறதா, இல்லையா?

2020 முதல் 2025 வரையிலான கணக்கை வைத்துச் சொன்னால், இல்லை. ஒரே ஒரு கட்டத்தில், 2023இல், கட்டுவதுபோலத் தெரிந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

2014இல் இந்தியன் சூப்பர் லீக்கோடு பிறந்த அணி இது. 2015இலும் 2017-18 சீசனிலும் கோப்பை வென்றது. முதல் கோப்பைக்கான இறுதி ஆட்டம் கோவாவின் ஃபடோர்டா மைதானத்தில் நடந்தது. கடைசி நிமிடங்களில் இரண்டு கோல் அடித்து 3-2 என்று பறித்துக்கொண்டு வந்தார்கள். இரண்டாவது கோப்பையும் எதிரணியின் கோட்டையிலேயே கிடைத்தது. பெங்களூரு கண்டீரவா மைதானத்தில் அதே 3-2. மெய்ல்சன் ஆல்வெஸ் தலையால் முட்டிய இரண்டு கோல்களை இன்னும் பேசுகிறோம்.

அதற்குப் பின் 2020-21இல் எட்டாம் இடம். 2021-22இலும் எட்டு. 2022-23இலும் எட்டு. அந்த இடத்துக்குப் பட்டாவே வாங்கிவிட்டார்கள். 2023-24இல் ஆறாம் இடத்துக்கு ஏறி, லீக் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் பிளே-ஆஃப் சுற்றைப் பார்த்தார்கள். 2024-25இல் 13 அணிகளில் பதினொன்றாம் இடம்.

இடம் கீழே போனதை மட்டும் வைத்து நான் இல்லை என்று சொல்லவில்லை. கட்டுகிற அணியும் கீழேதான் போகும். இந்த ஆண்டுகளில் ஆட்களும் பயிற்சியாளர்களும் மாறிக்கொண்டே இருந்தார்களே தவிர, ஒரே எண்ணத்தை அடுத்தடுத்த இரண்டு சீசன்களுக்குக் கொண்டுபோனது அரிது. ஹங்கேரியைச் சேர்ந்த சாபா லாஸ்லோ, மான்டினீக்ரோவின் போசிடர் பாண்டோவிச், ஜெர்மனியின் தாமஸ் பிர்டாரிச், ஸ்காட்லாந்தின் ஓவன் காயில், 2025இல் கோவாவின் கிளிஃபோர்ட் மிராண்டா. பாண்டோவிச்சுக்கும் பிர்டாரிச்சுக்கும் நடுவே நம் சபீர் பாஷா இடைக்காலப் பொறுப்பில் இருந்தார். ஒவ்வொருவருக்கும் ஒரு பாணி, ஒவ்வொருவருக்கும் வேண்டிய வெளிநாட்டவர் வேறு. புதியவர் வரும்போது பழையவர் கொண்டுவந்த ஆள் உபரியாகிவிடுகிறார்.

2018இல் சாம்பியன், 2018-19இல் கடைசி இடம். அது எப்படி நடந்தது?

18 ஆட்டங்களில் 2 வெற்றி, 3 சமநிலை, 13 தோல்வி. மொத்தம் 9 புள்ளிகள். முந்தைய ஆண்டு கோப்பையைத் தூக்கிய அதே ஜான் கிரிகோரிதான் பயிற்சியாளர்.

கோப்பை வென்ற அணியைத் தொடக்கூடாது என்ற எண்ணம் எல்லா கிளப்பிலும் உண்டு. தொடாமல் இருந்தாலும் அணி தானாகவே மாறிவிடும் என்பதுதான் சிக்கல். கேப்டனாக இருந்து பின்களத்தைத் தாங்கிய போர்த்துக்கீசியர் ஹென்ரிக் செரெனோ போனார். நடுகளத்தில் எதிரணியின் தாக்குதலை முளையிலேயே கிள்ளிய சென்னைப் பையன் தனபால் கணேஷ் முழங்கால் காயத்தால் படுத்துவிட்டார். இந்த இரண்டு இடங்களுக்கும் அடுத்த ஆள் தயாராக இல்லை. எதிரணிகளுக்கு நம் ஆட்டம் மனப்பாடமாகியிருந்தது. நம்மிடம் புதிதாகக் காட்ட ஒன்றும் இல்லை.

வேடிக்கை என்னவென்றால், அதே சீசனின் முடிவில் சூப்பர் கோப்பை இறுதி ஆட்டம் வரை போய் கோவாவிடம் 2-1 என்று தோற்றார்கள். திறமை செத்துவிடவில்லை என்பதற்கு இதுவே சாட்சி. அந்த இறுதி ஆட்டம்தான் உள்ளே இருந்த பழுதை மறைத்தது என்பேன். லீக்கில் கடைசியில் முடித்த அணியை அப்போதே பிரித்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் 2019-20இல் நடுவில் பயிற்சியாளரை மாற்றியதும் இறுதி ஆட்டம் வரை போனார்களே? அப்படியென்றால் கட்டுவதெல்லாம் தேவையில்லையே?

கேட்கிறவர்களில் பாதிப் பேர் இந்த ஒரு சீசனை வைத்துத்தான் வாதாடுகிறார்கள். வாதம் பலமானதுதான்.

கிரிகோரி நவம்பர் கடைசியில் விலகினார். டிசம்பரில் காயில் வந்தார். லிதுவேனியாவின் நேரியஸ் வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார். பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ அவருக்குப் பந்து ஊட்டிக்கொண்டே இருந்தார். அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டங்களின் கூட்டல் கணக்கில் 6-5 என்று தாண்டினார்கள். 2020 மார்ச் 14 அன்று கொரோனா காரணமாக ஆளே இல்லாத ஃபடோர்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் ஏடிகே அணியிடம் 3-1 என்று தோற்றார்கள்.

அடுத்து நடந்ததைப் பாருங்கள். காயில் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். இரண்டாவது சீசனில், அதாவது 2021-22இல், காயிலின் ஜாம்ஷெட்பூர் லீக் பட்டியலில் முதலிடம் பிடித்து ஷீல்டை வென்றது. நாம் எட்டாம் இடத்தில் இருந்தோம். ஒருவர் தொடங்கிய வேலையை முடிக்க விடாமல் அனுப்பினால் அந்த வேலையின் பலன் அடுத்த ஊருக்குப் போய்விடுகிறது. அந்த அரை ஆண்டு எழுச்சி நிஜம்தான். அதன்மேல் எதையும் எழுப்பவில்லை.

எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது? யார் வருகிறார்கள் என்றுதானே பார்க்க வேண்டும்?

வருகிறவர்களை எல்லாரும் பார்க்கிறார்கள். சுவரொட்டி, வீடியோ, வரவேற்பு என்று கிளப்பே காட்டும். நான் முதலில் பார்ப்பது போகிறவர்களின் வயதை.

லாலியன்சுவாலா சாங்தே 2022 ஜனவரியில் சென்னையிலிருந்து மும்பை சிட்டிக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 24. மும்பையில் அவர் எப்படி மலர்ந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும். 2022-23க்கான இந்தியாவின் சிறந்த வீரர் விருதே கிடைத்தது. அனிருத் தாபா 2016இல் இளைஞனாகச் சென்னைக்கு வந்தவர். நம்மிடமே வளர்ந்து, நம் கேப்டனாகி, 2023இல் மோகன் பகானுக்குப் போனார். அப்போது வயது 25.

24, 25 என்பது ஒரு வீரர் கொடுத்த காலத்துக்கெல்லாம் வட்டியோடு திருப்பித் தரத் தொடங்கும் வயது. கட்டுகிற அணியிலிருந்து போக வேண்டியது 32 வயதுக்காரர். 25 வயதுக்காரர் போனால், ஐந்து ஆண்டு செலவழித்து வளர்த்ததை அடுத்தவருக்குத் தாரை வார்த்துவிட்டோம் என்றுதான் பொருள். வீரர்களைக் குறை சொல்ல முடியாது. அதிகச் சம்பளமும் கோப்பை வாய்ப்பும் உள்ள இடத்துக்கு யார்தான் போகமாட்டார்கள்?

இதில் லீக் விதியும் சேர்ந்துகொள்கிறது. 2014இல் ஒரே நேரத்தில் 6 வெளிநாட்டவர் களத்தில் ஆடலாம். 2017-18இல் அது 5 ஆனது. 2021-22 முதல் 4. அதாவது பதினொருவரில் ஏழு பேர் இந்தியர்கள். பழைய காலத்தில் நான்கு நல்ல வெளிநாட்டவரும் ஒரு நட்சத்திரமும் இருந்தால் கோப்பைக்குக் குறி வைக்கலாம். இன்று அணியின் தரம் அந்த ஏழு பேரில் இருக்கிறது. சாங்தேயையும் தாபாவையும் இழந்துவிட்டுப் பிரேசிலிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தால் கணக்கு நேராகாது.

அடுத்தது ஒப்பந்தக் காலம். புதிதாக வருகிறவருக்கு ஓராண்டா, மூன்றாண்டா என்று செய்தியின் கடைசி வரியில் இருக்கும். அங்கே வாருங்கள். 22 வயது இந்திய வீரருக்கு மூன்றாண்டு, 33 வயது வெளிநாட்டவருக்கு ஓராண்டு என்றால் யோசித்துச் செய்கிறார்கள். எல்லாருக்குமே ஓராண்டு என்றால் அடுத்த மே மாதம் மறுபடியும் முதலிலிருந்து.

மைதானத்துக்குப் போகிறவர்களுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. 75ஆம் நிமிடத்தில் அணி ஒரு கோல் பின்தங்கியிருக்கும்போது கோட்டோரம் யார் மேல்சட்டையைக் கழற்றி ஓடத் தயாராகிறார் என்று பாருங்கள். நான்காவது நடுவர் பலகையைத் தூக்குகிறார். 20 வயதுப் பையனின் எண் பச்சையில் மின்னுகிறது. அவன் புல்லைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு உள்ளே ஓடுகிறான். முதல் பந்தையே தவறவிடுகிறான், கேலரியில் முணுமுணுப்பு எழுகிறது. அடுத்த ஆட்டத்திலும் அவனையே இறக்குகிறார்களா? இறக்கினால் கட்டுகிறார்கள். ஐந்து ஆட்டத்துக்கு அவன் பெஞ்சிலேயே கிடந்தால், பேட்டியில் எத்தனை முறை "இளைஞர்கள்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள்.

பையனுக்கு ஜெர்சி வாங்க வேண்டும். முன்பு தாபா பெயர் போட்டது வாங்கினோம், அவர் போய்விட்டார். இப்போது யார் பெயர் போடலாம்?

பையன் பெயரையே போடுங்கள். அவனை யாரும் மோகன் பகானுக்கு அனுப்ப மாட்டார்கள்.

2023இல் கட்டுவதுபோலத் தெரிந்தது என்றீர்களே, அது என்ன?

காயில் திரும்பி வந்த சீசன் அது. ஸ்காட்லாந்தின் கானர் ஷீல்ட்ஸ் போன்ற, இன்னும் பெயர் எடுக்க வேண்டிய பசி உள்ள வெளிநாட்டவர்கள் வந்தார்கள். கீழ் அடுக்கு லீக்கில் ஆடிக்கொண்டிருந்த இர்ஃபான் யாத்வாடை பெங்களூரு யுனைடெட் அணியிலிருந்து கொண்டுவந்தார்கள். அவர் பின்னால் இந்திய அணிச் சீருடையும் அணிந்தார். கீழ் அடுக்கிலிருந்து ஒருவரைக் கண்டெடுத்து, ஆட வைத்து, நாட்டின் அணி வரை கொண்டுபோவதுதான் கட்டும் வேலை. ஆறாம் இடம் கிடைத்தது. 2019-20க்குப் பின் முதல் முறையாக பிளே-ஆஃப் ஆடினார்கள். கோவாவிடம் தோற்றாலும் ஆட்டத்தில் ஒரு திசை தெரிந்தது.

அடுத்த ஆண்டு அவசரம் வந்துவிட்டது. 30 வயதைக் கடந்த, எங்கெங்கோ கோப்பை வென்று களைத்த பெயர்கள் சேர்க்கப்பட்டன. மந்தார் ராவ் தேசாய்க்கு அப்போது 32 வயது. ப்ரீதம் கோட்டால் ஜனவரியில் வந்தபோது 31. இருவருமே தரமான வீரர்கள், ஒழுக்கமான தொழில்காரர்கள். ஆனால் ஆறாம் இடத்திலிருந்து அடுத்த படி ஏற அவசரப்பட்ட அணி பதினொன்றாம் இடத்துக்கு வழுக்கியது.

2024-25 வரை கடைசி இடத்துக்குப் போனாலும் கீழ் லீக்குக்குத் தள்ளப்படவில்லையே. அது கட்டுகிறவர்களுக்கு வசதிதானே?

வசதியாகத்தான் இருந்தது. 2014 முதல் 2024-25 வரை இந்தியன் சூப்பர் லீக்கிலிருந்து ஒரு அணியும் தகுதி இறக்கம் செய்யப்படவில்லை. மேலே வருவது மட்டும் 2023இல் பஞ்சாப் எஃப்.சி.யோடு தொடங்கியது. இங்கிலாந்தில் இரண்டு சீசன் தோற்றால் கிளப்பே ஆட்டம் கண்டுவிடும். இங்கே அந்த ஆண்டுகளில் அந்தப் பயம் இருக்கவில்லை. அப்படியிருக்க, ஓர் அணி பத்து இளைஞர்களைத் துணிந்து இறக்கி இரண்டு ஆண்டு அடி வாங்கியிருக்கலாம். யாரும் அதைச் செய்யவில்லை என்பதுதான் எனக்கு எரிச்சல். தண்டனை இல்லாத இடத்தில் துணிச்சல் வரும் என்று எதிர்பார்த்தோம், வந்தது சோம்பல்.

சென்னை சிட்டி எஃப்.சி. என்று ஓர் அணி கோவையில் ஆடியதே, அதற்கு என்ன ஆயிற்று?

சேலத்துக்காரர்களுக்கு மூன்று மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பார்க்கக் கிடைத்த சாம்பியன் அணி அது. 2018-19இல், ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கில், சிங்கப்பூரின் அக்பர் நவாஸ் பயிற்சியில், பெட்ரோ மான்சி 21 கோல் அடிக்க, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்திக் கோப்பையைத் தூக்கினார்கள். கோவை நேரு ஸ்டேடியத்தில் 2019 மார்ச் 9 அன்று மினர்வா பஞ்சாபை 3-1 என்று வீழ்த்திய ஆட்டம் தமிழ்நாட்டுக் கால்பந்தின் நல்ல நாட்களில் ஒன்று.

அதன் பிறகு அணி கலைந்த வேகத்தைச் சொல்ல வேண்டும். எட்வின் சிட்னி வான்ஸ்பால் சென்னையின் எஃப்.சி.க்கு வந்தார். ரொமாரியோ ஜேசுராஜ் கோவா போனார். மான்சி ஜப்பானுக்குப் போய்விட்டார். சுவிட்சர்லாந்தின் பாசெல் கிளப் 26 சதவீதப் பங்கு வாங்கியபோது பெரிய எதிர்பார்ப்பு இருந்தது. 2021-22 சீசனில் சென்னை சிட்டியின் பெயர் ஐ-லீக்கிலேயே இல்லை.

கட்டத் தெரிந்தவர்கள் அவர்கள். மலிவாகக் கண்டுபிடித்தார்கள், துணிந்து ஆட வைத்தார்கள், சிறு பட்ஜெட்டில் நாட்டின் பெரிய கிளப்புகளை வென்றார்கள். கட்டியதைக் காப்பாற்றும் பணமும் அமைப்பும்தான் இல்லை. சென்னையின் எஃப்.சி.யிடம் இவர்களைவிடப் பல மடங்கு பணம் இருந்தது. இரண்டு கிளப்புகளும் ஒன்றிடம் ஒன்று கற்றுக்கொண்டிருந்தால் என்று அவ்வப்போது நினைத்துக்கொள்வேன்.

இங்கிலாந்து அணிகளைப் பார்க்கிறோம். மான்செஸ்டர் யுனைடெட் பத்து ஆண்டாகக் கட்டிக்கொண்டே இருக்கிறதே?

2013இல் பயிற்சியாளர் அலெக்ஸ் ஃபெர்குசன் போன நாளிலிருந்து. நள்ளிரவு ஆட்டத்துக்காகக் கண் விழித்துவிட்டு மறுநாள் தூங்கி வழியும் யுனைடெட் ரசிகர்கள் நம் ஊரிலும் ஏராளம், அதனால் பக்குவமாகச் சொல்கிறேன்.

2021இல் 36 வயது ரொனால்டோவைத் திரும்பக் கூட்டிவந்தார்கள். 2022 ஏப்ரலில் இடைக்காலப் பயிற்சியாளர் ரால்ஃப் ராங்னிக், இந்த அணிக்கு இதய அறுவை சிகிச்சையே தேவை என்று வெளிப்படையாகச் சொன்னார். அந்த ஆகஸ்டிலேயே 30 வயது கேசமிரோவைப் பெரும் தொகைக்கு வாங்கினார்கள். மருத்துவர் சொன்னதற்கும் நோயாளி செய்ததற்கும் சம்பந்தமே இல்லை. 2024இல் சொந்த அகாடமியில் வளர்ந்த ஸ்காட் மெக்டாமினேயை நாபோலிக்கு விற்றார்கள். அவர் முதல் சீசனிலேயே இத்தாலிய லீக் பட்டம் வென்று அந்த லீக்கின் மிகச்சிறந்த வீரரும் ஆனார். 2024-25இல் யுனைடெட் 42 புள்ளிகளோடு 15ஆம் இடம்.

அகாடமி வீரரை ஏன் முதலில் விற்கிறார்கள் என்று கேட்பார்கள். கணக்குப் புத்தகம்தான் காரணம். வெளியிலிருந்து வாங்கிய வீரரின் விலையை ஒப்பந்த ஆண்டுகளுக்குப் பிரித்து எழுதுவார்கள். விற்கும்போது மீதமுள்ள தொகையைக் கழித்தால்தான் லாபம். சொந்தமாக வளர்த்தவருக்கு வாங்கிய விலை பூஜ்யம். விற்ற தொகை முழுவதும் லாபம். நஷ்டத்துக்கு வரம்பு வைத்திருந்த அப்போதைய பிரீமியர் லீக் விதிகளில் தப்பிக்க அதுதான் குறுக்கு வழி. கணக்கு நேராகும், அணி சாயும்.

இதற்கு எதிர்ப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் ஆர்சனல். 2019 டிசம்பரில் மிகேல் ஆர்டெட்டா வந்தார். எட்டாம் இடம், மறுபடியும் எட்டாம் இடம். நமக்குப் பழகிய எண்தான். மேசூட் ஓசில், கேப்டன் ஆபமெயாங் போன்ற பெரிய சம்பளக்காரர்களை ஒப்பந்தம் முடியும் முன்பே வெளியே விட்டார்கள். 2021 கோடையில் வாங்கிய ஆறு பேரில் ஒருவருக்குக்கூட 23 வயதுக்கு மேல் இல்லை. அந்த சீசனின் முதல் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. மூன்றாவதில் மான்செஸ்டர் சிட்டியிடம் 5-0. பட்டியலில் கடைசி இடம். பயிற்சியாளரைத் துரத்து என்று ஊரே கத்தியது. நிர்வாகம் அசையவில்லை. அந்த சீசனில் ஐந்தாம் இடம், அதன் பின் தொடர்ந்து மூன்று ஆண்டு இரண்டாம் இடம். அந்த மூன்று ஆண்டில் லீக் பட்டம் எங்கே என்று கிண்டல் செய்யலாம், நானும் செய்வேன். ஆனால் அவர்கள் கட்டினார்கள் என்பதில் சந்தேகமில்லை. அந்த 5-0க்குப் பின் வந்த வாரம்தான் சோதனை. நம் கிளப்பாக இருந்தால் அந்த வாரம் புதிய பயிற்சியாளருக்கு விமான டிக்கெட் போயிருக்கும்.

அமெரிக்காவில் வேண்டுமென்றே தோற்று அணியைக் கட்டுவார்களாமே? டெக்சாஸில் இருக்கும் மாமா சொல்கிறார்.

அது கையில் பந்தை வைத்துக்கொண்டு ஓடும் அமெரிக்கக் கால்பந்து. அங்கே 32 அணிகள். கல்லூரி முடித்து வருகிறவர்களை ஆண்டுதோறும் ஏழு சுற்றுகளில் பிரித்துக்கொள்வார்கள். முந்தைய ஆண்டு மிக மோசமாக ஆடிய அணிக்கு முதல் தேர்வு. சம்பளத்துக்கும் கறாரான உச்சவரம்பு. அதனால் தோற்பதற்கு ஒரு விலை கிடைக்கிறது.

கிடைத்ததைப் பயன்படுத்தத் தெரிய வேண்டும். டெட்ராய்ட் லயன்ஸ் 2021இல் தன் நட்சத்திரம் மேத்யூ ஸ்டாஃபர்டை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்து, பதிலுக்கு ஜாரெட் காஃபையும் எதிர்கால முதல் சுற்றுத் தேர்வுகள் இரண்டையும் வாங்கியது. முதல் ஆண்டு 3 வெற்றி, 13 தோல்வி, ஒரு சமநிலை. அடுத்த ஆண்டும் தொடக்கத்தில் ஒரு வெற்றி, 6 தோல்வி. பயிற்சியாளர் டான் கேம்பெல்லை மாற்றவில்லை. மூன்றாவது சீசனில் 12 வெற்றி. 1992 ஜனவரிக்குப் பின் அந்த ஊர் பார்த்த முதல் பிளே-ஆஃப் வெற்றியும் வந்தது.

கிளீவ்லாந்து பிரவுன்ஸ் 2016இல் ஒரே ஒரு ஆட்டம் வென்றது. 2017இல் ஆடிய 16இலும் தோற்றது. இரண்டு ஆண்டும் முதல் தேர்வு கிடைத்தது. மைல்ஸ் காரெட், பேக்கர் மேஃபீல்ட் என்று அணி உருவாகி பிளே-ஆஃப் ஆட்டம் ஒன்றும் வென்றார்கள். பொறுக்கவில்லை. 2022இல் மூன்று முதல் சுற்றுத் தேர்வுகளைத் தூக்கிக் கொடுத்து, 23 கோடி டாலருக்கு முழு உத்தரவாதமும் தந்து டெஷான் வாட்சனைக் கொண்டுவந்தார்கள். போட்ட பணத்துக்கு ஆட்டம் வரவில்லை. மாமா எந்த அணி என்று கேட்டுச் சொல்லுங்கள். டல்லாஸ் என்றால் வேறு கதை.

நம் லீக்கில் இந்தத் தேர்வு முறை இல்லை. கடைசியில் வந்தால் நமக்குக் கிடைப்பது கேலி மட்டும். எனவே "வேண்டுமென்றே தோற்கிறார்கள்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இயல்பாகவே தோற்கிறார்கள்.

தமிழ்நாட்டுப் பையன்களை வைத்தே கட்டலாமே?

தமிழன் என்பதற்காக ஒருவரை இறக்கச் சொல்லமாட்டேன். ஆனால் கண்ணெதிரே இருப்பதைத் தவறவிடுவதைக் கேட்பேன். காரைக்குடி பக்கம் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணன் பெங்களூரு அணியில் வளர்ந்து, 2022-23இல் லீக்கின் சிறந்த வளரும் வீரர் விருதை வாங்கினார். சென்னைக்காரரான நந்தகுமார் சேகர் டெல்லி, ஒடிசா என்று ஆடி, 2023 டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக மோகன் பகானுக்கு எதிராக வெற்றிக் கோல் அடித்தார். குமரி மாவட்டத்தின் மைக்கேல் சூசைராஜ் ஜாம்ஷெட்பூரிலும் கொல்கத்தாவிலும் பெயர் எடுத்தார். இவர்களெல்லாம் உள்ளூரில் கிடைத்திருக்கக்கூடியவர்கள்.

சேலத்துக்கு வந்தால், காந்தி ஸ்டேடியத்தில் ஆடும் 15 வயதுப் பையனுக்குச் சென்னையின் அகாடமி கண்ணில் படுவதற்கு முன்பே பெங்களூரு கண்ணில் படுகிறது. பக்கமும்கூட. அணியைக் கட்டுவதாகச் சொல்கிற கிளப், சேலத்திலும் ஏற்காட்டிலும் ஓசூரிலும் ஆண்டுக்கு ஒரு முறையாவது தேர்வு முகாம் நடத்தி ஆள் தேட வேண்டும். அதற்கு ஆகும் செலவு ஒரு வெளிநாட்டு வீரரின் சம்பளத்தில் சிறு துண்டுகூட ஆகாது.

2025இல் பாதி அணி போய்விட்டதே, அதை மறுகட்டுமானம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. லீக்கை நடத்திவந்த நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் இருந்த ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பு இழுபறியில் கிடக்க, ஜூலையில் சீசனே நிறுத்தி வைக்கப்பட்டது. ஆகஸ்டில் சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. கடைசியில் 2026 பிப்ரவரியில், ஒவ்வோர் அணியும் மற்றொன்றோடு ஒரே முறை மோதும் சுருக்கமான வடிவத்தில் லீக் தொடங்கியது.

சம்பளம் வருமா என்று தெரியாமல் வீரர்கள் வேறிடம் தேடியதைத் திட்டம் என்று யாராவது விற்க வந்தால் வாங்காதீர்கள். மிராண்டா போன்ற இந்தியப் பயிற்சியாளரை நியமித்தது நல்ல முடிவு. இந்திய வீரர்களை அவருக்கு ஆழமாகத் தெரியும். சுருங்கிய சீசனை வைத்து அவரை எடை போடுவது நியாயமில்லை. முழு சீசன் ஒன்றும், அதற்கடுத்ததும் அவரிடமே இருந்தால் அப்போது பேசலாம்.

அதுவரை சென்னைக்குப் போய் ஆட்டம் பார்ப்பது பிரயோஜனமா? திரும்பி வர ரயில் கிடைக்குமா?

போங்கள். நேரு ஸ்டேடியம் பெரியமேட்டில், சென்ட்ரல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. இரவு 7.30 ஆட்டம் ஒன்பதரை வாக்கில் முடியும். ஏற்காடு எக்ஸ்பிரஸ் சென்ட்ரலிலிருந்து பதினொரு மணி வாக்கில் கிளம்பும். நடுவில் சாப்பிடவும் நேரம் இருக்கும். சேலத்தில் இறங்கும்போது விடிந்திருக்காது, அதனால் அலாரம் வையுங்கள், இல்லாவிட்டால் ஈரோட்டில்தான் கண் விழிப்பீர்கள். வெள்ளி, ஞாயிறு ஆட்டம் என்றால் ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவிடுங்கள். ஆட்ட டிக்கெட்டுக்கு, இப்போதைய நிலையில், அவ்வளவு அவசரம் இல்லை.